விறைத்துப்போன கதவு பீடிங்

கேள்வி: என் காருக்கு 12 வயது. ஷெட் இல்லாததால் வெயிலில்தான் நிற்கிறது. கதவைச் சுற்றியுள்ள ரப்பர் (பீடிங்) விறைத்துவிட்டது. அறைந்து சாத்தினால்தான் மூடுகிறது. வேகமாகப் போனால் காற்று இரைகிறது. டீசலில் துடைத்தால் ரப்பர் இளகும் என்கிறார்கள். செய்யலாமா?
- வாசகர், வேலூர்

பதில்: வேண்டவே வேண்டாம். டீசல் தடவியதும் ரப்பர் மெத்தென்று ஆவது உண்மைதான், அதைப் பார்த்துத்தான் பலரும் நம்பிவிடுகிறார்கள். கதவு பீடிங் பெரும்பாலும் இ.பி.டி.எம். என்ற செயற்கை ரப்பர். வெயிலையும் மழையையும் நன்றாகத் தாங்கும். பெட்ரோலியப் பொருட்கள் மட்டும் அதற்கு ஆகாது. டீசல், இன்ஜின் ஆயில், சாதாரண கிரீஸ் எது பட்டாலும் உறிஞ்சி உப்பி, வலுவிழந்து கிழியும்.

ஷாம்பூ கலந்த தண்ணீரில் துணியை நனைத்து, மடிப்புக்குள் விரல் விட்டுத் துடையுங்கள். அங்கே படியும் தூசு இறுகினாலே ரப்பர் பாதி விறைப்பாகத் தெரியும். நிழலில் நன்றாகக் காய்ந்த பிறகு சிலிகான் கிரீஸை மெல்லிசாகத் தடவி, மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். ஸ்பிரே என்றால் துணியில் அடித்துத் தடவுங்கள். முன் கண்ணாடியில் பட்டால் மழையில் வைப்பர் போடும்போது மங்கும். பெயிண்ட் வேலை பாக்கியிருந்தால் அதை முதலில் முடியுங்கள். சிலிகான் பட்ட இடத்தில் புது பெயிண்ட் குழிகுழியாக நிற்கும்.

ஒன்றை மனதில் வையுங்கள். வருடக்கணக்கான வெயிலில் ரப்பருக்குள் இருந்து போன எண்ணெய்ப்பசையை சிலிகான் திருப்பித் தராது. மேல்தோலை வழுவழுப்பாக்கி, ஒட்டாமலும் கீச்சிடாமலும் வைக்கும், அவ்வளவுதான். அதனால் ஒரு தாளைக் கதவில் வைத்துச் சாத்தி இழுத்துப் பாருங்கள். பிடித்து இழுக்க வேண்டியிருந்தால் பீடிங் இன்னும் வேலை செய்கிறது. இப்படிச் சுற்றிலும் பாருங்கள். எங்காவது தாள் சும்மா உருவிக்கொண்டு வந்தால் அங்கே ரப்பர் நசுங்கிப் படுத்துவிட்டது, அல்லது கீல் தேய்ந்து கதவு தொங்குகிறது. கதவைத் திறந்து வைத்து, முனையைப் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். ஆடினால் கோளாறு கீலில். பீடிங்குக்குச் செலவு செய்யாதீர்கள்.

மடக்கும்போது ரப்பரில் வெடிப்பு தெரிந்தால் மாற்றிவிடுங்கள். உங்கள் மாடலுக்கு உரியதையே வாங்குங்கள். மீட்டர் கணக்கில் கிடைப்பது தடிமனில் ஒத்துவராது. மாட்டும்போது இழுத்து நீட்டக் கூடாது, பிற்பாடு சுருங்கி மூலையில் விலகும். புதிது என்பதால் கதவு சில வாரம் இறுக்கமாகத்தான் சாத்தும். அதற்காக லாக்கைத் தளர்த்தச் சொல்லாதீர்கள்.