வினா கூப்பர் போன்ற தலைவிகளை ஆவணப்படத்தில் ஏன் பார்க்க வேண்டும்?

ஆவணப்படம் என்றால் நிஜ மனிதர்களையும் நிஜ நிகழ்வுகளையும் படம்பிடித்துத் தொகுப்பது. நியூசிலாந்தில் பூர்வகுடிகளான மாவோரி மக்களின் நிலம் இனி ஒரு ஏக்கர்கூடப் பறிபோகக் கூடாது என்று வடகோடி தே ஹாபுவாவிலிருந்து தலைநகர் வெலிங்டன்வரை, சுமார் 1,000 கிலோமீட்டர் நடைப்பேரணிக்கு 79 வயதில் தலைமையேற்றார் வினா கூப்பர். 1975இல் நடந்த அந்தப் பேரணி அப்போதே படமாக்கப்பட்டது. தலைக்கட்டும் கைத்தடியுமாக, பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு மண்சாலையில் அவர் கிளம்பிய புகைப்படம் இன்றும் மனதைப் பிசைகிறது.

தலைமை என்பது குரலிலும் நடையிலும் இருக்கிறது. எழுத்தில் பாதிதான் வரும். கல்யாண ஆல்பத்தில் எல்லோரும் நின்று போஸ் கொடுப்பார்கள். வீடியோவில்தான் பந்தியை ஓடியாடிக் கவனிக்கும் பெரியம்மா தெரிவார்.

முதுமையில் திடீரென்று தலைவியானவர் என்று பலர் நினைக்கிறார்கள். 1951லேயே மாவோரி பெண்கள் நலச் சங்கத்தின் முதல் தலைவர் அவர்தான்.