கையிலிருப்பது கல்லச்சா, மறுபதிப்பா?

பாரிஸில் இருக்கும் அண்ணன் சேன் நதிக்கரைப் பழைய புத்தகக் கடையில் ஒரு படம் வாங்கி அனுப்பியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். வெள்ளை உள்ளாடையில் ஒரு பெண் தன் தொடையில் ஊசி போட்டுக்கொள்கிறாள். யார் வரைந்தது, அசல்தானா, வீட்டில் மாட்டலாமா என்று கேட்கிறீர்கள்.

வரைந்தவர் சுவிட்சர்லாந்தின் லோசானில் பிறந்து பாரிஸில் வாழ்ந்த யூஜீன் கிராசே. படத்தின் பெயர் ‘லா மார்ஃபினோமான்’, அதாவது மார்ஃபினுக்கு அடிமையானவள். 1897இல் பாரிஸ் ஓவிய வணிகர் அம்ப்ருவாஸ் வொல்லார் வெளியிட்ட தொகுப்புக்காக ஓகுஸ்த் க்ளோ அச்சிட்ட வண்ணக் கல்லச்சு, அதாவது கல்லில் வரைந்து அதிலிருந்து தாளில் அச்சிட்ட படம். போட்டதே 100 பிரதிகள். அதனால் மறுபதிப்பாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

ஒரு அளவுகோலும் பத்து மடங்கு லென்ஸும் எடுத்துக்கொள்ளுங்கள். தாளை விட்டுவிட்டுப் படம் மட்டும் சுமார் 41க்கு 31 செ.மீ. இருக்க வேண்டும். அப்புறம் கூந்தலை லென்ஸில் பாருங்கள். சின்னப் புள்ளிகள் வரிசை கட்டி நின்றால் மறுபதிப்புதான், சந்தேகமே வேண்டாம். கல்லச்சில் அந்த வரிசை இருக்காது. சொரசொரப்பான கல்லில் கிரேயான் இழுத்த தடம், மணல் தூவியதுபோல் ஒழுங்கில்லாமல் தெரியும். புள்ளி இல்லாத பழைய மறுபதிப்புகளும் உண்டு. ஆகவே இதில் தேறினால், பழைய அச்சுப் படங்களைக் கையாள்பவரிடம் நேரில் காட்டுங்கள்.

மறுபதிப்பே ஆனாலும் வருத்தப்படாதீர்கள், அவள் முகத்தைப் பாருங்கள். பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறாள், அதில் சுகம் துளியும் இல்லை. 1887இல் பிரெஞ்சு ஓவியர் அல்பேர் பெனார் செப்புத்தகட்டில் செதுக்கிய ‘மார்ஃபினோமான்’ படத்தில் இரண்டு பெண்கள் நாகரிகமாக மயங்கி இருப்பார்கள். கிராசே அந்த அலங்காரத்தைக் கழற்றிவிட்டு, ஊசி இறங்கும் நொடியைக் காட்டினார். எனக்கு ஒரு குறை மட்டும் உண்டு. வலி தீர மார்ஃபின் ஊசி போட்டுப் பழக்கியவர்கள் மருத்துவர்கள்; அடிமையானவர்களிலும் மருத்துவர்கள் நிறையப் பேர். ஆனால் ஓவியர்கள் திரும்பத் திரும்ப வரைந்தது பெண்ணைத்தான்.

வீட்டில் தாராளமாக மாட்டலாம். வெயில் படாத சுவராகப் பாருங்கள். சட்டத்தின் கண்ணாடி படத்தின் மேல் ஒட்டாதபடி நடுவில் அமிலமில்லாத அட்டை வைக்கச் சொல்லுங்கள். பின்பக்கம் செல்லோடேப் மட்டும் ஒட்டவிடாதீர்கள். அந்தக் கறை போகவே போகாது.