"ஓன் ரிஸ்க்"னு கையெழுத்து வாங்கிட்டா படகுக்காரர் பொறுப்பு போயிடுமா?

கோயம்புத்தூர்ல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு. அவரோட அப்பா போஸ்ட் ஆபீஸ்ல ரிட்டயர் ஆனவர், வயசு 61, முப்பது வருஷமா குளம் குளமா போய் பறவை பாக்குறவர், ஆனா நடுக்கடல் பறவை மட்டும் பாத்ததே இல்ல. அந்த ஆசைக்காக மகன் வாட்ஸ்அப்ல வந்த ஒரு போஸ்டர பாத்து, கண்ணூர் பக்கத்துல இருந்து கிளம்புற ஒரு நாள் கடல் ட்ரிப்புக்கு ஆளுக்கு 4,500 வீதம் மூணு பேருக்கு 13,500 கட்டியிருக்காரு. போஸ்டர்ல "லைசென்ஸ் உள்ள படகு, எல்லாருக்கும் லைஃப் ஜாக்கெட், டால்பின் கேரண்டி"ன்னு இருந்திருக்கு. போய்ப் பாத்தா அது மீன்பிடிப் படகு, பதினாலு பேருக்கு ஆறே ஆறு ஜாக்கெட். கரைக்குத் திரும்புறப்போ டால்பின் கூட்டம் தெரியவும் ட்ரிப் நடத்துறவர் "பின்னாடியே போங்க, கிட்ட போங்க"ன்னு கத்த, படகு வேகமெடுத்து சடார்னு திரும்ப, அப்பா விழுந்து வலது மணிக்கட்டு ஒடிஞ்சிருக்கு, 22,000 ரூபா பைனாகுலர் கடலுக்குள்ள போயிடுச்சு, ஆஸ்பத்திரி செலவு 68,000. கேட்டா "நீங்க ஓன் ரிஸ்க் ஃபார்ம்ல கையெழுத்து போட்டிருக்கீங்க, தவிர நாங்க கம்பெனியே இல்ல, பறவை பாக்குறவங்க செலவ பகிர்ந்துக்கிட்டோம், அவ்ளோதான்"னு பதில் வந்திருக்கு. டால்பின விரட்டினதுக்கும் புகார் குடுக்கலாமா, குடுத்தா படகுல இருந்த நம்மளும் மாட்டுவோமான்னும் கேக்குறாரு.

தம்பி, முதல்ல அந்த ஃபார்ம பாத்து பயப்படாதீங்க. கடலுக்குப் போறோம்னா வாந்தி வரும், அலை அடிக்கும், நனைவோம், அன்னிக்குன்னு பாத்து ஒரு பறவையும் வராம போகலாம், இதுக்கெல்லாம் சேத்துதான் நீங்க கையெழுத்து போட்டீங்க, அத நான் ஒத்துக்கிறேன். ஆனா ஜாக்கெட் இல்லாம கூட்டிட்டுப் போறதுக்கும், போட்டோவுக்காக படக வேகமா ஒடிச்சுத் திருப்புறதுக்கும் நீங்க கையெழுத்து போடல. அது கடலோட ஆபத்து இல்ல, நடத்துனவரோட கவனக்குறைவு. டெல்லில ஒரு பெரிய ஹோட்டல் வாசல்ல 1998ல வேலட் பார்க்கிங்குக்கு விட்ட காரு காணாம போச்சு, சீட்டுல "உரிமையாளர் பொறுப்பு"ன்னு அச்சடிச்சிருக்கோமேன்னு ஹோட்டல் வாதாடினுச்சு, 2019 நவம்பர்ல சுப்ரீம் கோர்ட் அத ஏத்துக்கல, உன் கவனக்குறைவுக்கு நீயே முன்கூட்டி மன்னிப்பு எழுதி வச்சுக்க முடியாதுங்கிற மாதிரிதான் தீர்ப்பு. அதே 2019ல கேரளா கோவளத்துல ஒரு ஹோட்டல் நீச்சல் குளத்துல ஒருத்தர் மூழ்கி இறந்த கேஸும் வந்துச்சு, அங்க லைஃப்கார்டா இருக்க வேண்டிய ஆள பார்ல சரக்கு ஊத்தவும் விட்டிருந்தாங்க, 62.5 லட்சம் நஷ்டஈடு நின்னுச்சு. காசு வாங்கிட்டு ஒருத்தர தண்ணிக்குப் பக்கத்துல கொண்டு போறவருக்கு கவனமா இருக்குற கடமை உண்டுன்னு இத விட தெளிவா சொல்ல முடியாது.

"நாங்க கம்பெனி இல்ல"ங்கிறதுதான் அவங்களோட உண்மையான வாதம், அத லேசா எடுக்காதீங்க. நாலு நண்பர்கள் டீசல் காச பிரிச்சுக்கிட்டு போறது வேற, முகம் தெரியாதவங்ககிட்ட போஸ்டர் போட்டு தலைக்கு இவ்வளவுன்னு வசூல் பண்றது வேற. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல சேவைன்னா லாபம் இருக்கணும்னு இல்ல, இலவசமா இருக்கக்கூடாது, அவ்ளோதான். அதனால அந்த போஸ்டர், யுபிஐ ரசீதுல பேரு யாரு பேர்ல வந்துச்சு, இதுக்கு முன்ன அவங்க போட்ட ட்ரிப்போட போஸ்டருங்க, எல்லாத்தையும் இன்னிக்கே ஸ்கிரீன்ஷாட் எடுங்க, குரூப்ல இருந்து உங்கள தூக்குறதுக்கு முன்னாடி. காசு கட்டுனது நீங்க, அடிபட்டது அப்பா, அப்போ அவர் எப்படி நுகர்வோர்னு கேப்பாங்க, அதுக்கும் சட்டத்துலயே பதில் இருக்கு, காசு குடுத்தவர் சம்மதத்தோட சேவைய அனுபவிச்சவரும் நுகர்வோர்தான். அப்பாவ முதல் மனுதாரரா போடுங்க, நீங்க ரெண்டாவது.

இப்போ படகு. நீங்க அனுப்புன போட்டோல படகோட பக்கவாட்டுல ஐஎன்டி-கேஎல்னு ஆரம்பிச்சு நடுவுல எம்எம்னு ஒரு நம்பர் இருக்கு பாருங்க, அது மீன்பிடி கலத்துக்குக் குடுக்குற பதிவு, எம்எம்னா மெக்கானைஸ்டு, அதாவது விசைப்படகு. மீன் பிடிக்கப் பதிவு பண்ணின படகுல டிக்கெட் மாதிரி காசு வாங்கி ஆள் ஏத்துறதுக்கு அந்தப் பதிவு போதாது, "லைசென்ஸ் உள்ள படகு"ங்கிற விளம்பரம் அங்கயே உடையுது. கேரள மீன்வளத்துறைக்கு ஆர்டிஐ போடுங்க, பத்து ரூபா செலவு, முப்பது நாள் கெடு, இந்த நம்பர் எந்த வேலைக்குப் பதிவு ஆயிருக்குன்னு மட்டும் கேளுங்க. நான் இதுல ஏன் இவ்வளவு அழுத்துறேன்னா, 2011 கிறிஸ்துமஸ் அன்னிக்கு நம்ம பழவேற்காட்டுல சுற்றுலா போனவங்க படகு கவிழ்ந்து 22 பேர் செத்தாங்க, 2023 மே மாசம் கேரளாவுல தானூர்லயும் 22 பேர், அது மீன்பிடி படக மாத்தி சுற்றுலாப் படகாக்குனது. உங்க அப்பாவுக்கு கை ஒடிஞ்சதோட போச்சு. படகு கவிழ்ந்திருந்தா அந்த ஆறு ஜாக்கெட்ட பதினாலு பேர் எப்படிப் பிரிச்சிருப்பீங்க?

ஆனா ஒரு வேண்டுகோள், ஸ்ராங்கு, அதாவது படக ஓட்டுனவர், அவர் மேல மட்டும் கோவத்த காட்டாதீங்க. அவருக்குக் கிடைச்சது ஒரு நாள் வாடகை, "கிட்ட போ"ன்னு கத்துனது காசு வாங்குன ஆள். எதிர்மனுதாரரா நடத்துனவர முதல்லயும் படகு உரிமையாளர ரெண்டாவதாவும் போட்டா போதும்.

ஆதாரம் இல்லையேன்னு எழுதியிருக்கீங்க. பறவை பாக்குறவங்க கையில இருக்குற அளவுக்கு ஆதாரம் யாருகிட்டயும் இருக்காது தம்பி. அப்பாவோட நோட்டுப் பக்கத்த அனுப்பியிருக்கீங்க, உப்புத்தண்ணி பட்டு நீல மை பரவியிருக்கு, "7.40 வில்சன்ஸ் ஸ்டார்ம் பெட்ரல் 3, 9.05 மிதக்குற கட்டை மேல பிரைடில்டு டெர்ன் 2"ன்னு நிமிஷக் கணக்கா எழுதிட்டு வந்தவர் 11.20க்கு "டால்பின்"னு ஆரம்பிச்சு வார்த்தை பாதில நிக்குது. அந்தப் பக்கத்தோட ஒரிஜினல் எங்கயும் குடுத்துடாதீங்க. கூடவே நீங்க பறவைக் கணக்கு பதியுற இ-பேர்ட் ஆப்ல ட்ராக் ஓட விட்டிருக்கீங்க, அதுல படகு எங்க நேரா போச்சு எங்க சுத்துச்சுன்னு கோடே இருக்கு, கேமரா போட்டோ ஒவ்வொண்ணுலயும் நேரம் இருக்கு. இதையெல்லாம் தாக்கல் பண்றப்போ 2023 சாட்சியச் சட்டம் 63வது பிரிவுப்படி மின்னணு ஆதாரத்துக்கான சான்றிதழ் சேத்துடுங்க, நுகர்வோர் ஆணையம் அவ்வளவு கறாரா பாக்காதுன்னாலும் மேல்முறையீட்டுல தொல்லை வரக்கூடாது.

கேஸ் போட கண்ணூர் போகணும்னு இல்ல, நீங்க குடியிருக்குற கோயம்புத்தூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துலயே போடலாம், நுகர்வோர் சட்டம் 34வது பிரிவு. கட்டின தொகை அஞ்சு லட்சத்துக்குள்ளங்கிறதால ஃபீஸ் கிடையாது. சம்பவம் நடந்த நாள்ல இருந்து ரெண்டு வருஷம் டைம். அதுக்கு முன்ன ஸ்பீட் போஸ்ட்ல ஒப்புகையோட ஒரு நோட்டீஸ், அதே நோட்டீஸ் ஈமெயில்லயும் வாட்ஸ்அப்லயும், பதினஞ்சு நாள் கெடு. ஆணையம் நோட்டீஸ் விட்டா அவங்க 30 நாள்ல பதில் போடணும், மிஞ்சினா இன்னும் 15 நாள், அதுக்கு மேல வாய்ப்பே இல்லன்னு சுப்ரீம் கோர்ட் 2020ல முடிச்சு வச்சிருச்சு. மூணு மாசத்துல முடிக்கணும்னு சட்டம் சொல்லுது, நடைமுறைல அதுக்கு மேல ஆகும், அத மனசுல வச்சுக்கோங்க. மனுவுல "ஒருதலைப்பட்ச ஒப்பந்தம்"னு தலைப்பு வைக்காதீங்க, அந்த வகை மனு மாநில ஆணையத்துக்குத்தான் போகும், "சேவைக் குறைபாடு, முறையற்ற வணிகம்"னு மட்டும் எழுதுங்க.

ஒண்ணு நீங்க எழுத்துல மெல்லமா சொல்லியிருக்கீங்க, ஸ்ராங்கு உக்காருங்கன்னு மலையாளத்துல ஒரு தடவ சொன்னாரு, அப்பா போட்டோ எடுக்க எந்திரிச்சு நின்னாருன்னு. அத மறைக்காதீங்க. அவங்க கண்டிப்பா சொல்லப் போறாங்க, நீங்க முன்னாடியே சொன்னா தொகை கொஞ்சம் குறையலாம், மறைச்சு மாட்டினா மொத்த மனுவையும் நம்ப மாட்டாங்க. கேக்குற தொகையும் அப்படித்தான், 13,500, 68,000, பில் இருந்தா பைனாகுலர், இனி ஆகப்போற பிசியோதெரபி, மன உளைச்சலுக்கு நியாயமா ஒரு தொகை. பத்து லட்சம்லாம் போட வேண்டாம்.

டால்பின் விஷயத்துக்கு வரேன். நம்ம மீனவங்க ஓங்கில்னு சொல்ற அந்த ஜீவன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல அட்டவணை 1ல, அதாவது அதிகப் பாதுகாப்பு உள்ள பட்டியல்ல இருக்கு. 1972ம் வருஷச் சட்டத்துல வேட்டைன்னா கொல்றது மட்டும் இல்ல, விரட்டுறதும் அதுக்கு முயற்சி பண்றதும் அந்த வார்த்தைக்குள்ள வருது, அட்டவணை 1க்கு மூணுல இருந்து ஏழு வருஷம் ஜெயில், 2022 திருத்தத்துக்கு அப்புறம் அபராதம் 25,000க்குக் குறையாது. வேடிக்கை காட்ட படகால துரத்துறதும் அதே "விரட்டுறது"தானான்னு எதிர்த் தரப்பு கண்டிப்பா வாதாடும், என் கருத்து ஆமாங்கிறதுதான். உங்க வீடியோல குட்டியோட போற தாய் ரெண்டு மூணு தடவ திசை மாத்துது, படகும் மாத்துது, பாக்கவே கஷ்டமா இருந்துச்சு. இதுலயும் உங்க ட்ராக் உதவுது: நம்ம நாட்டுக் கடல் எல்லை 12 கடல் மைல், சுமார் 22 கிலோமீட்டர், துரத்துனது கரையில இருந்து 15 கிலோமீட்டர்ல. இன்னும் வெளிய நடந்திருந்தா இந்தச் சட்டம் அங்க செல்லுமான்னே தனி வாதம் ஓடியிருக்கும். நீங்க மாட்டுவீங்களான்னா, "வேணாம், நிறுத்துங்க"ன்னு உங்க குரல் அந்த வீடியோலயே கேக்குது, துரத்தச் சொன்னது நீங்க இல்ல, பயப்பட ஒண்ணும் இல்ல. கண்ணூர் வன அதிகாரிக்கு வீடியோவோட எழுதிக் குடுங்க, அவங்க ஒண்ணும் பண்ணலன்னா 60 நாள் நோட்டீஸ் குடுத்துட்டு நீங்களே கோர்ட்டுக்குப் போக 55வது பிரிவு வழி விடுது.

ஆனா ரெண்டையும் கலந்துடாதீங்க. "காச குடு, இல்லன்னா டால்பின் வீடியோவ ஃபாரஸ்ட்ல குடுப்பேன்"னு ஒரு மெசேஜ் போட்டா அவ்ளோதான், மிரட்டிப் பணம் பறிக்கிறதா உங்க மேலயே புகார் வரும், நல்ல கேஸ் நாசமாகும். வன அதிகாரிக்குக் குடுக்குறத பணம் வந்தாலும் வராட்டியும் குடுங்க.

இந்த வாரம் ஒரு வேலை மட்டும் முடிங்க. எலும்பு டாக்டர்கிட்ட போய் எப்படி அடிபட்டுச்சுன்னு டிஸ்சார்ஜ் சம்மரில என்ன எழுதியிருக்குன்னு பாருங்க, "வழுக்கி விழுந்தார்"னு மொட்டையா இருந்தா, கடல்ல படகு திரும்பினப்போ விழுந்ததா ஆஸ்பத்திரில சேர்க்குறப்போ சொன்னத வச்சு ஒரு சர்டிபிகேட் கேளுங்க. அன்னிக்கு நடந்தத அப்பா வார்த்தைலயே எழுதி வைங்க, வலது கைல கட்டு இருக்கே, அவர் சொல்லச் சொல்ல நீங்க எழுதி, இடது கைல கையெழுத்து வாங்கி, பக்கத்துல தேதி போடுங்க.