ஆயில் ஏன் காபி கலர்?

கேள்வி: ரோட்டுலயும் தண்ணியிலயும் ஓடுற ஆம்ஃபிகாரோட கியர்பாக்ஸை ஒருத்தர் வீட்டு ஷெட்டுலயே பிரிக்கிற வீடியோ பாத்தேன், வடிச்ச ஆயில் பால் காபி மாதிரி இருந்துச்சு. ஏன் சார்?

பதில்: தண்ணி கலந்திருச்சு, வேறென்ன. 1960கள்ல ஜெர்மனியில செஞ்ச கார், ட்ரையம்ஃப் ஹெரால்டோட 1147 சிசி இன்ஜின் பின்னாடி இருக்கும், ரோட்டுக்கு 4 கியர், தண்ணிக்குத் தனி லீவர், கரையேறும்போது வீலும் ப்ரொப்பல்லரும் சேந்தே சுத்தணும், அதனால பெட்டிக்குள்ள சாதா காரைவிட சாமான் ஜாஸ்தி. ஷாஃப்ட் வெளிய வர்ற எடத்துல ஆயில் சீல் (ஆயில் ஒழுகாம அடைக்கிற ரப்பர் வளையம்) தேஞ்சா தண்ணி உள்ள போயிரும். ஆயிலை மட்டும் மாத்துறது வெட்டிச் செலவுங்க. சீலை மாத்தணும், அதுக்கு முன்னாடி சீல் உக்கார்ற எடத்துல ஷாஃப்டை நகத்தால தடவிப் பாக்கணும், பள்ளம் தட்டுச்சுன்னா புது சீலும் நிக்காது. பேரிங்ல துரு புள்ளி தெரிஞ்சா யோசிக்காம தூக்கிப் போட்டுரணும்.