துமகெத்தே பக்கம் ஓய்வுக்காலம்: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

லண்டனில் ஓர் ஆஸ்பத்திரி எக்ஸ்ரே பிரிவில் 28 வருடம் வேலை பார்த்தேன். மனைவி அங்கே நர்ஸ், சொந்த ஊர் பிலிப்பைன்ஸின் நீக்ரோஸ் தீவு. துமகெத்தே நகரத்துக்கு மேலே மலைச்சரிவில் இருக்கும் வலென்சியாவுக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. ஆளாளுக்குத் தனியே எழுதிக் கேட்டதை எல்லாம் சேர்த்து இங்கே பதில்.

கேள்வி (பினாங்கு, ஓய்வுபெற்ற ஆசிரியர்): எந்த விசா எடுப்பது ஐயா?

தனியாகவோ பிலிப்பைன்ஸ்காரர் அல்லாத துணையோடோ வருகிறீர்கள் என்றால் எஸ்ஆர்ஆர்வி என்ற ஓய்வுக்கால விசா. ஓய்வுபெற்றவர்களுக்கென்றே 1985இல் தொடங்கிய ஆணையம் தருவது. உள்ளூர் வங்கியில் டாலரில் வைப்புப் போட வேண்டும், வயதையும் பென்ஷன் உண்டா இல்லையா என்பதையும் பொறுத்துத் தொகை மாறும். 2025இல்கூட வயது, தொகை இரண்டையும் மாற்றினார்கள், அதனால் பழைய கணக்கை யார் சொன்னாலும் நம்ப வேண்டாம், ஆணையத்திடமே கேளுங்கள்.

கேள்வி (லெஸ்டர்): அண்ணை, என் மனைவி பிலிப்பினா, ஆனால் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் எடுத்துவிட்டா. எனக்கும் அதே விசாவா?

தேவையில்லை. அவவோடு சேர்ந்து விமானத்தில் வந்து இறங்கினால் 'பாலிக்பாயன்' (ஊர் திரும்புகிறவர்) முத்திரை ஒரு வருடத்துக்குக் குத்துவார்கள், காசு இல்லை. சேர்ந்து என்றால் சேர்ந்துதான், அவ முன்னால் வந்துவிட்டு நீங்கள் அடுத்த வாரம் வந்தால் கிடைக்காது. பிறகு, 2003 சட்டப்படி அவ பழைய குடியுரிமையைத் திரும்ப எடுக்கட்டும், நீங்கள் '13ஏ' என்ற மனைவி வழி விசாவுக்குப் போடலாம். முதல் ஒரு வருடம் சோதனைக்காலம், அப்புறம் நிரந்தரம். ஜனவரி பிறந்து 60 நாளுக்குள் குடிவரவு அலுவலகத்தில் ஆண்டுப் பதிவு செய்யாவிட்டால் அபராதம். ஒருமுறை நான் மறந்து கட்டியிருக்கிறேன்.

உங்களுக்கு இன்னொரு விஷயம். பிரிட்டிஷ் அரசாங்கப் பென்ஷன் (ஸ்டேட் பென்ஷன்) இங்கே வருடாவருடம் கூடும். இலங்கைக்கோ இந்தியாவுக்கோ போய் இருந்தால் போன அன்றைய தொகையிலேயே நின்றுவிடும். நான் யாழ்ப்பாணம் போகாததற்கு இதுதான் காரணம் என்று அக்கா இன்னும் திட்டுகிறா.

கேள்வி (ரொறன்ரோ): காணி வாங்கி வீடு கட்ட ஆசை. மனைவி பேரில் வாங்கினால் போதும் என்கிறார்களே?

வந்த கையோடு யாரும் வாங்காதீர்கள். 1987 அரசியல் சட்டப்படி வெளிநாட்டவர் பேரில் நிலம் எழுத முடியாது. கொண்டோ, அதாவது அடுக்குமாடி வீடு, வாங்கலாம், அதிலும் கட்டிடத்தில் வெளிநாட்டவர் பங்கு 40 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அதனால் எல்லாரும் மனைவி பேரில், காதலி பேரில், சிலர் காதலியின் அண்ணன் பேரில்கூட வாங்குகிறார்கள். மணிலா பக்கம் அந்திப்போலோவில் ஒரு ஜெர்மன்காரர் அப்படித்தான் மனைவி பேரில் வாங்கி வீடும் கட்டினார். பிரிந்த பிறகு, காணி வேண்டாம், போட்ட காசையாவது தாருங்கள் என்று வழக்காடினார். தடை இருப்பது தெரிந்தேதானே வாங்கினாய் என்று 2006இல் உச்ச நீதிமன்றம் கையை விரித்துவிட்டது. மனைவி முந்திப் போனால் மட்டும் வாரிசு உரிமையில் நிலம் உங்களுக்கு வரலாம், அதை நினைத்துக்கொண்டு யாரும் வீடு கட்ட மாட்டார்கள்.

நாங்கள் இரண்டு வருடம் வாடகைக்கு இருந்துவிட்டுத்தான் மாமனார் நிலத்தில் சின்னதாகக் கட்டினோம். கிணறு, கூரை, மதில் எல்லாம் என் காசு. சட்டப்படி நான் அங்கே விருந்தாளி. போனால் போகட்டும் என்று விடக்கூடிய தொகைக்கு மேல் நான் போடவில்லை.

கேள்வி: ஆஸ்பத்திரிச் செலவு?

அவசர நேரத்தில் முன்பணம் கேட்பது 2017 சட்டப்படி குற்றம். ஆனாலும் வீட்டுக்குப் போகும்போது மொத்தக் கணக்கையும் முடிக்கச் சொல்வார்கள், அதனால் கையில் எடுக்கக்கூடிய காசு எப்போதும் வங்கியில் இருக்க வேண்டும். அரசாங்கக் காப்பீடான பில்ஹெல்த்தில் வெளிநாட்டவரும் சேரலாம், ஆனால் அது பில்லில் ஒரு பகுதியைத்தான் தாங்கும். 60 வயதானால் 20 சதவீதத் தள்ளுபடி என்று கேள்விப்பட்டு மருந்துக்கடையில் போய் நிற்காதீர்கள், அது குடிமக்களுக்கு மட்டும். என் மனைவிக்கு உண்டு, எனக்கு இல்லை. பெரிய சத்திரசிகிச்சை என்றால் செபுவுக்கோ மணிலாவுக்கோ போவோம்.

கேள்வி: சொந்தக்காரர் கடன் கேட்டுக்கொண்டே இருப்பார்களாமே?

கேட்பார்கள். யாழ்ப்பாணத்தில் கேட்க மாட்டார்களா? 'உத்தாங்' என்றால் கடன், வந்த முதல் வாரமே நான் கற்றுக்கொண்ட சொல். பிள்ளைகளின் பள்ளிச் செலவு, ஆஸ்பத்திரி இரண்டுக்கும் கொடுக்கிறோம், கொடுத்ததைத் திரும்ப எதிர்பார்ப்பதில்லை. மற்றதற்கு மனைவிதான் 'இல்லை' சொல்வாள், நான் சொன்னால் பகை.

இதில் நமக்கென்று ஒரு வேடிக்கை இருக்கிறது. இந்திய முகம் எதைக் கண்டாலும் இங்கே 'பும்பாய்' என்பார்கள். மோட்டார் சைக்கிளில் வந்து 5 கொடுத்து 6 வாங்கும் வட்டிக்காரர்கள் என்று பெயர். அழுகிற பிள்ளையை 'பும்பாய் சாக்கில் போட்டுக் கொண்டுபோவான்' என்று மிரட்டுவார்கள். நான் வந்த புதிதில் பக்கத்து வீட்டுப் பாட்டி எவ்வளவு வட்டி என்று நிஜமாகவே கேட்டா.

கேள்வி: சாப்பாடு ஒத்துவருமா?

காரம் இல்லை, அதுதான் குறை. மிளகாய்த்தூள் லண்டனிலிருந்து வருகிறது. ஆனால் முருங்கை இலை வேலிக்கு வேலி, பெயர்கூட 'கமுங்கை'. பூசணி, கத்தரி, வெண்டையோடு தண்ணியாகக் காய்ச்சி 'உத்தான்' என்பார்கள், அம்மா வைத்த கீரைச் சாறு மாதிரியே இருக்கும், உப்பு மட்டும் கொஞ்சம் கூட்ட வேண்டும்.

கேள்வி: புயல்?

வரும். 2021 டிசம்பரில் ஒடெட் வந்தபோது எங்களுக்குச் சில நாள்தான் கரண்ட் இல்லை, செபுவில் தெரிந்தவர்களுக்கு வாரக்கணக்கில். தண்ணித் தொட்டியும் சின்ன ஜெனரேட்டரும் வாங்குங்கள், சோபா பிறகு வாங்கலாம்.

கேள்வி: அமைதியான இடம்தானே?

விடிகாலை மூன்றுக்குச் சேவல், ஞாயிற்றுக்கிழமை 'விடியோக்கே', திரையில் வரியைப் பார்த்து மைக்கில் பாடுவது. சத்தம் தாங்காமல் ஒருநாள் பக்கத்து வீட்டுக்குப் போனேன். கையில் மைக்கைக் கொடுத்துவிட்டார்கள்.