வணிகவியல் படிக்காதவர் ஒரு நிறுவனத்தின் நிதி அறிக்கைகளை எப்படிப் படித்துப் புரிந்துகொள்வது?

நீங்கள் பொறியியல் படித்தவர் என்றும், பங்குகளில் முதலீடு செய்யும் எண்ணத்தோடு ஆண்டறிக்கை ஒன்றைத் திறந்தபோது முந்நூறு பக்கங்களைப் பார்த்து எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். நான் வங்கி ஒன்றின் கடன் பிரிவில் இருபது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றினேன். அதில் பெரும்பகுதி திருப்பூரில் கழிந்தது. கடன் கேட்டு வருபவர்களின் பேலன்ஸ் ஷீட்டைப் படிப்பதே அங்கு என் அன்றாட வேலை. அதனால் பாடப்புத்தக வரிசையை விட்டுவிட்டு, நான் தவறு செய்து கற்றுக்கொண்ட வரிசையிலேயே சொல்கிறேன்.

அடிப்படையை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லாப நட்டக் கணக்கு ஓர் ஆண்டு முழுவதும் நடந்த வியாபாரத்தைச் சொல்கிறது. இருப்புநிலைக் குறிப்பு (பேலன்ஸ் ஷீட்), அதாவது பழைய கடைக்காரர்கள் ஐந்தொகை என்று சொன்னது, மார்ச் 31 என்ற ஒரே நாளில் நிறுவனத்திடம் என்ன இருக்கிறது, அது யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்பதைச் சொல்கிறது. பணப் பாய்வு அறிக்கை அந்த ஆண்டில் உண்மையாகவே பணம் எங்கிருந்து வந்தது, எங்கே போனது என்பதைத் தொழில், முதலீடு, கடன் மற்றும் மூலதனம் என்று மூன்றாகப் பிரித்துக் காட்டுகிறது. மூன்றையும் இணைத்துப் படிக்கத் தேவையான அறிவு ஒன்றுதான்: சரக்கு கைமாறிய அன்றே அது விற்பனையாக எழுதப்படுகிறது, பணம் வந்த பிறகுதான் எழுத வேண்டும் என்று இல்லை. வராத பணத்துக்கும் லாபம் எழுதலாம் என்பது சட்டப்படி சரியான முறை. நேர்மையான நிறுவனமும் அப்படித்தான் எழுதுகிறது, ஏமாற்றுகிற நிறுவனமும் அப்படித்தான் எழுதுகிறது.

இதை நான் ஏட்டறிவாகத் தெரிந்து வைத்திருந்தேனே தவிர, உணர்ந்திருக்கவில்லை. நான் வேலையில் சேர்ந்து நான்காம் ஆண்டில், பின்னலாடை நிறுவனம் ஒன்று தன் கேஷ் கிரெடிட் வரம்பை, அதாவது சரக்கையும் பாக்கியையும் ஈடாகக் காட்டி வங்கியிலிருந்து எடுத்துக்கொள்ளும் கடனின் உச்சத்தை, உயர்த்தித் தரும்படி விண்ணப்பித்தது. கணக்கு எளிதாக விளங்குவதற்காக எண்களை முழுமையாக்கித் தருகிறேன். முந்தைய ஆண்டில் விற்பனை 30 கோடி ரூபாயாக இருந்தது 36 கோடியாக உயர்ந்திருந்தது. வரி போக லாபம் 1.8 கோடியிலிருந்து 2.2 கோடியாகியிருந்தது. ஓர் ஆண்டுக்குள் பணமாக வேண்டிய நடப்புச் சொத்துகளை, ஓர் ஆண்டுக்குள் கொடுத்துத் தீர்க்க வேண்டிய நடப்புப் பொறுப்புகளால் வகுத்தால் கிடைக்கும் நடப்பு விகிதம் முதல் ஆண்டில் 1.33, அடுத்த ஆண்டில் 1.6. ரிசர்வ் வங்கி அமைத்த டாண்டன் குழு 1970-களில் வகுத்துக் கொடுத்த முறைப்படி 1.33 இருந்தாலே எங்களுக்குப் போதுமானது. 1.6 என்றதும் நான் மேற்கொண்டு யோசிக்காமல் பரிந்துரைக் குறிப்பை எழுதிவிட்டேன்.

அந்த விகிதம் எப்படி உயர்ந்தது என்று நான் பார்க்கவில்லை. முதல் ஆண்டில் வாடிக்கையாளர்களிடமிருந்து வர வேண்டிய பாக்கி 5 கோடி, சரக்கிருப்பு 4 கோடி, நடப்புப் பொறுப்புகள் 6.75 கோடி. அடுத்த ஆண்டில் சரக்கிருப்பு அப்படியே இருக்க, பாக்கி மட்டும் 10 கோடியாகிவிட்டது, பொறுப்புகள் 8.75 கோடி. பாக்கி இரட்டிப்பானதால்தான் விகிதம் அழகாக மாறியது. பணம் தெருவில் சிக்கிக்கொண்ட நிலைமையைத்தான் அந்த விகிதம் பலம் என்று காட்டியது. பாக்கியை விற்பனையால் வகுத்து 365-ஆல் பெருக்கியிருந்தால், முன்பு 61 நாட்களில் வந்துகொண்டிருந்த பணம் இப்போது 101 நாட்கள் எடுத்துக்கொள்கிறது என்று தெரிந்திருக்கும். லாபம் 2.2 கோடியோடு, கையை விட்டுப் போகாத செலவான தேய்மானம் 80 லட்சத்தைக் கூட்டினால் 3 கோடி. பாக்கியில் முடங்கியது 5 கோடி. நூல் வியாபாரிகளுக்குக் கொடுக்காமல் கூடுதலாக நிறுத்தி வைத்ததால் கையில் மிஞ்சியது 50 லட்சம். அப்படியானால் அந்த ஆண்டு தொழிலிலிருந்து ஒரு ரூபாய்கூட வரவில்லை, 1.5 கோடி வெளியே போயிருக்கிறது. அந்த 1.5 கோடியைக் கொடுத்தது எங்கள் வங்கி. லாபம் உயர்ந்த அதே ஆண்டில்தான் இது நடந்தது.

என் மேலாளர் குறிப்பைப் படித்துவிட்டு, பாக்கிதாரர் பட்டியலை எடுத்துக்கொண்டு நேரில் போய்ப் பார்த்து வரச் சொன்னார். பட்டியலில் முதலில் இருந்த பெயருக்கு உரிய முகவரி, உரிமையாளர் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்த ஒரு கிடங்கு. ஷட்டரைத் தூக்கியபோது உள்ளே கூரை வரை அட்டைப் பெட்டிகள் அடுக்கியிருந்தன; எல்லாவற்றின் மேலும் விற்ற கம்பெனியின் முத்திரையே இருந்தது; ஒட்டுத்தாள் கிழிக்கப்படவில்லை; மேல் வரிசைப் பெட்டிகளில் விரலால் கோடு இழுக்கும் அளவுக்குத் தூசி படிந்திருந்தது. அந்தக் கிடங்கு உரிமையாளருடைய மைத்துனரின் பெயரில் இருந்தது. "சரக்கு போயிருச்சுங்க சார், தீபாவளிக்குள்ள பணம் வந்துரும்" என்று உரிமையாளர் என்னிடம் சொன்னார். சரக்கு போனது உண்மைதான். இரண்டு தெரு போயிருந்தது. உறவினர் நிறுவனங்களோடு செய்த கொடுக்கல் வாங்கல் பற்றிய குறிப்பு அவருடைய தணிக்கை செய்த கணக்கிலேயே கடைசிப் பக்கத்துக்கு முந்தின பக்கத்தில் இருந்தது. நான் அந்தப் பக்கம் வரை படிக்கவில்லை.

அன்று முதல் எந்த அறிக்கையையும் நான் பின்பக்கத்திலிருந்துதான் படிக்கிறேன். உங்களுக்கும் அதையே சொல்வேன். பட்டியலிடப்பட்ட நிறுவனமாக இருந்தால் ஆண்டறிக்கை மும்பை மற்றும் தேசியப் பங்குச் சந்தைகளின் இணையதளங்களில் இலவசமாகக் கிடைக்கும். அதில் தலைவரின் உரையையும் வண்ணப் படங்களையும் கடந்து, தணிக்கையாளர் அறிக்கையைத் திறவுங்கள். அவர் நிபந்தனையின்றிச் சான்றளித்திருக்கிறாரா, ஏதேனும் ஒன்றை விலக்கிச் சான்றளித்திருக்கிறாரா என்பதைப் பார்த்துவிட்டு, அதன் இணைப்புக்குச் செல்லுங்கள். 2021-22 நிதியாண்டு முதல் நடைமுறையில் இருக்கும் உத்தரவுப்படி, ஒரு நிறுவனம் 5 கோடி ரூபாய்க்கு மேல் நடைமுறை மூலதனக் கடன் வரம்பு (அன்றாடத் தொழிலை நடத்துவதற்கான கடன்) பெற்றிருந்தால், அது வங்கிக்குக் காலாண்டுதோறும் கொடுத்த சரக்கு, பாக்கிப் பட்டியல்கள் அதன் கணக்கேடுகளோடு ஒத்துப்போகின்றனவா என்று தணிக்கையாளர் அங்கே சொல்ல வேண்டும். நான் ஷட்டரைத் தூக்கிப் பார்த்த விஷயத்தில் ஒரு பகுதியாவது இன்று வீட்டில் உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு எழுத்தில் கிடைக்கிறது என்பதை நான் பெரிய முன்னேற்றமாகக் கருதுகிறேன். வருங்கால வைப்பு நிதி, ஜி.எஸ்.டி. போன்ற சட்டப்படியான பாக்கிகள் ஆறு மாதத்துக்கு மேல் கட்டப்படாமல் நின்றால் அதையும் அதே இணைப்பில் காணலாம். தொழிலாளர்களின் பி.எஃப். பணத்தையே நிறுத்தி வைக்கும் நிறுவனம் எவ்வளவு லாபம் காட்டினாலும் நான் அதற்கு மேல் படிப்பதில்லை.

அடுத்து, வர வேண்டிய பாக்கியின் வயதைச் சொல்லும் அட்டவணை. இதுவும் அதே ஆண்டு முதல் கட்டாயம். ஆறு மாதத்துக்கு உட்பட்டது, ஆறு மாதம் முதல் ஓர் ஆண்டு, ஒன்று முதல் இரண்டு, இரண்டு முதல் மூன்று, மூன்றாண்டுக்கு மேல் என்று கட்டம் கட்டமாகப் பிரித்திருப்பார்கள். இரண்டு ஆண்டு அறிக்கைகளை அருகருகே வைத்துப் பாருங்கள். சென்ற ஆண்டு முதல் கட்டத்தில் இருந்த தொகை இந்த ஆண்டு இரண்டாம், மூன்றாம் கட்டங்களுக்கு நகர்ந்திருந்தால், விற்பனை என்று எழுதியதில் ஒரு பகுதி பணமாகவில்லை என்று பொருள். விகிதங்களை நீங்களே கணக்கிட வேண்டிய அவசியமும் பெரும்பாலும் இல்லை. பதினொரு விகிதங்களை நிறுவனமே வெளியிட வேண்டும், ஏதேனும் ஒன்று முந்தைய ஆண்டைவிட 25 சதவீதத்துக்கு மேல் மாறியிருந்தால் காரணமும் எழுத வேண்டும். விகிதத்தைவிட அந்தக் காரணத்தை எழுதியிருக்கும் விதத்தையே நான் உன்னிப்பாகப் படிப்பேன். "வியாபார வளர்ச்சியின் காரணமாக" என்று எல்லா வரிகளிலும் ஒரே சொற்றொடர் இருந்தால், அந்த நிறுவனம் உங்களிடம் எதையும் விளக்க விரும்பவில்லை.

பிறகு பணப் பாய்வு அறிக்கை. ஐந்து ஆண்டு லாபத்தைக் கூட்டுங்கள். ஐந்து ஆண்டுகளில் தொழிலிலிருந்து வந்த பணத்தையும் கூட்டுங்கள். ஓர் ஆண்டில் இரண்டும் விலகலாம், அது இயல்பு. ஐந்து ஆண்டையும் சேர்த்துப் பார்த்தும் பணம் லாபத்தில் பாதியைக்கூட எட்டவில்லை என்றால் அந்த லாபம் எங்கோ பாக்கியாகவோ சரக்காகவோ நிற்கிறது. இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். நம் நாட்டின் புதிய கணக்கியல் தரங்களின்படி, நிதித் தொழிலில் இல்லாத நிறுவனங்கள் கட்டும் வட்டி, தொழில் பகுதியில் வராமல் கடன் பகுதியில் வருகிறது; 2019 ஏப்ரல் முதல் நீண்ட காலக் குத்தகைக்குக் கொடுக்கும் வாடகையும் பெரும்பாலும் அங்கேயே போய்விட்டது. அதனால் கடனில் மூழ்கிய நிறுவனமும் வாடகைக் கடைகளில் நடக்கும் நிறுவனமும் தொழிலிலிருந்து நிறையப் பணம் ஈட்டுவதாகத் தோன்றும். அந்த இரண்டையும் இயந்திரங்களுக்குச் செலவிட்டதையும் கழித்துவிட்டு மிஞ்சுவதைப் பாருங்கள். துணை நிறுவனங்கள் இருந்தால் ஒருங்கிணைந்த அறிக்கையில்தான் பாருங்கள். தாய் நிறுவனத்தின் தனித்த கணக்கில் தெரியாத கடன் அங்கே தெரியும்.

இவ்வளவும் செய்தால் மோசடியைக் கண்டுபிடித்துவிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். எப்போதும் முடியாது. சத்யம் கம்ப்யூட்டர் சர்வீசஸ் என்ற மென்பொருள் நிறுவனத்தின் விவகாரம் அதற்குச் சான்று. 2009 ஜனவரி 7 அன்று அதன் தலைவர் ராமலிங்க ராஜு இயக்குநர் குழுவுக்கு எழுதிய கடிதத்தின்படி, 2008 செப்டம்பர் 30 நிலவரத்தில் ஏட்டில் காட்டப்பட்ட ரொக்கமும் வங்கி இருப்பும் 5,361 கோடி ரூபாய். அதில் 5,040 கோடி இல்லவே இல்லை. அந்த இல்லாத பணத்துக்கு 376 கோடி வட்டியும் சேர்ந்திருப்பதாக எழுதியிருந்தார்கள். அந்தக் காலாண்டின் வருவாய் 2,700 கோடி என்று காட்டினார்கள், உண்மையில் 2,112 கோடி. செயல்பாட்டு லாபம் 649 கோடி என்று காட்டினார்கள், உண்மையில் 61 கோடி. பாக்கியாக எழுதினால் யாராவது கேட்பார்கள் என்பதால் பெரும்பகுதியை வங்கி இருப்பாகவே எழுதிவிட்டார்கள். ஆகவே நான் மேலே சொன்ன பாக்கிச் சோதனையும் பணப் பாய்வுச் சோதனையும் அங்கே முழுமையாகப் பிடித்திருக்காது. வட்டி வருமானத்தைச் சராசரி வைப்புத்தொகையால் வகுத்து, வங்கிகள் தரும் வட்டி வீதத்தோடு ஒப்பிடுவது நல்ல பழக்கம்தான். ஆனால் அங்கே வட்டியையும் சேர்த்தே பொய்யாக எழுதியிருந்தார்கள். வைப்புத்தொகை இருப்பதை வங்கியிடம் நேரடியாகக் கேட்டு உறுதிசெய்யும் வாய்ப்பு தணிக்கையாளருக்கு உண்டு, நமக்கு இல்லை.

ஆனாலும் அந்தக் கதையில் சாதாரண முதலீட்டாளர்கள் சரியாகக் கேட்ட கேள்வி ஒன்று உண்டு. கடிதத்துக்கு மூன்று வாரம் முன்பு, 2008 டிசம்பர் 16 அன்று, ராஜு குடும்பத்தினரின் மேட்டாஸ் நிறுவனங்கள் இரண்டை சுமார் 160 கோடி டாலருக்கு வாங்கப்போவதாகச் சத்யம் அறிவித்தது. மென்பொருள் நிறுவனத்தின் பணம் தலைவர் குடும்பத்தின் நிலத்துக்கும் கட்டுமானத்துக்கும் ஏன் போக வேண்டும் என்று முதலீட்டாளர்கள் கொதித்தெழ, சில மணி நேரத்தில் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. இல்லாத சொத்தின் இடத்தில் இருக்கும் சொத்தை வைப்பதற்கான கடைசி முயற்சி அது என்று ராஜுவே பின்னர் அந்தக் கடிதத்தில் எழுதினார். அந்தக் கேள்வியைக் கேட்பதற்குக் கணக்கியல் பட்டம் எதுவும் தேவைப்படவில்லை. திருப்பூர்க் கிடங்கில் நான் கேட்கத் தவறியதும் அதே கேள்விதான்: இந்தப் பணம் யாரிடமிருந்து வர வேண்டும், யாருக்குப் போகிறது, அவர்கள் யார்? உறவுடைய தரப்பினர் பற்றிய குறிப்பு, நிறுவனம் பிறருக்குக் கொடுத்திருக்கும் உத்தரவாதங்கள், துணை நிறுவனங்களுக்குக் கொடுத்த கடன்கள் ஆகிய மூன்றையும் அந்தக் கேள்வியோடு படியுங்கள். சத்யம் விவகாரத்தை அடுத்து அதே மாதத்தில், நிறுவனர்கள் தம் பங்குகளை அடகு வைத்தால் அதை வெளியிட வேண்டும் என்று பங்குச் சந்தைகளை ஒழுங்குபடுத்தும் செபி கட்டாயமாக்கியது; பங்குதாரர் விவரப் பட்டியலில் அதற்கென ஒரு பத்தி இருக்கிறது, அதையும் காலாண்டுதோறும் பாருங்கள்.

வங்கிகளையும் நிதி நிறுவனங்களையும் இந்த முறையில் படிக்காதீர்கள். அவர்களுக்குக் கடன் கொடுப்பதே வியாபாரம் என்பதால், கடன் வளரும் ஆண்டில் தொழிலிலிருந்து வரும் பணம் எதிர்மறையாக இருப்பது குறையாகாது. அங்கே வாராக்கடன் விகிதமும் அதற்கு ஒதுக்கிய தொகையும்தான் முதலில் வரும். அதைத் தனிக் கேள்வியாகக் கேட்டால் எழுதுகிறேன்.

இப்போதைக்கு, உங்கள் வீட்டில் அன்றாடம் பயன்படுத்தும் ஏதாவது ஒரு பொருளைத் தயாரிக்கும் நிறுவனத்தின் ஐந்து ஆண்டு அறிக்கைகளை இறக்கிக்கொள்ளுங்கள். கோடு போட்ட நோட்டில் ஒரு பக்கத்தில் ஐந்து பத்திகள் வரைந்து, விற்பனை, லாபம், தொழிலிலிருந்து வந்த பணம், கட்டிய வட்டி, வர வேண்டிய பாக்கி, சரக்கிருப்பு, மொத்தக் கடன் ஆகிய ஏழு எண்களை மட்டும் கையால் எழுதுங்கள். கணினியில் ஒட்டுவதைவிடக் கையால் எழுதும்போதுதான் எந்த எண் மற்றவற்றோடு சேராமல் தனியே ஓடுகிறது என்பது எனக்குக் கண்ணில் படுகிறது. முதல் நிறுவனத்துக்கு மூன்று நான்கு மாலைப் பொழுதுகள் ஆகலாம். எழுதி முடித்ததும், தனியே ஓடும் எண்ணுக்கு எதிரே உள்ள குறிப்பு எண்ணைப் பிடித்துக்கொண்டு பின்பக்கங்களுக்குச் செல்லுங்கள். விளங்காத குறிப்பு ஏதும் இருந்தால் நிறுவனத்தின் பெயரையும் பக்க எண்ணையும் கருத்துப் பகுதியில் எழுதுங்கள், நானும் படித்துவிட்டுப் பதில் தருகிறேன்.