விழுப்புரத்துப் பிள்ளைகள் எங்கே போனார்கள்?

கேள்வி: எங்கள் ஊர் பள்ளி மேலாண்மைக் குழுவில் உறுப்பினராக இருக்கிறேன். நாடு முழுவதும் உள்ள பள்ளிகளின் விவரங்களை மத்திய கல்வி அமைச்சகம் திரட்டி வெளியிடும் யூடைஸ் பிளஸ் டாஷ்போர்டில் விழுப்புரம் மாவட்ட மாணவர் எண்ணிக்கையை 2018-19, 2023-24 என இரண்டு ஆண்டுகளுக்கும் எடுத்துப் பார்த்தேன். பெரிய சரிவு தெரிகிறது. இத்தனை பேர் படிப்பை நிறுத்திவிட்டார்களா?

பதில்: பதற வேண்டாம். 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. அதுவரை விழுப்புரம் கணக்கில் இருந்த பிள்ளைகளில் கணிசமானவர்கள் இப்போது அந்தப் பெயரின் கீழ் இருக்கிறார்கள். இரண்டு மாவட்டங்களையும் கூட்டி, அதைப் பழைய விழுப்புரத்தோடு ஒப்பிடுங்கள். வேலூர், நெல்லை, காஞ்சிபுரம், நாகை மாவட்டங்களுக்கும் இதே கதைதான்.

கூட்டிய பிறகும் குறைவாக வரலாம். 2022-23 முதல் கணக்கெடுக்கும் முறையே மாறிவிட்டது. முன்பு பள்ளிகள் வகுப்புவாரியாக மொத்த எண்ணிக்கையைக் கொடுத்தன. இப்போது ஒவ்வொரு மாணவரையும் பெயரோடு பதிய வேண்டும். ஒரே பிள்ளை இரண்டு பள்ளிகளின் பட்டியலில் இருந்தது போன்ற கோளாறுகள் இதில் அடிபட்டுப் போகும். அதனால் அந்த ஆண்டுக்கு முன்னும் பின்னும் உள்ள எண்களை நேருக்கு நேர் வைக்கக் கூடாது.

அப்புறம், வரைபடத்தில் நிறம் போட்டுக் காட்டும் 'மொத்தச் சேர்க்கை விகிதம்'. மாவட்ட அளவில் நான் அதை அவ்வளவாக நம்புவதில்லை. பள்ளியில் சேர்ந்தவர்களின் எண்ணிக்கையை அந்த வயதினரின் மக்கள்தொகையால் வகுத்து வருவது அது. அந்த மக்கள்தொகையோ 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்து மதிப்பிட்டது. தவிர, நாமக்கல்லில் விடுதியோடு கூடிய தனியார் பள்ளிகள் எத்தனை! வெளிமாவட்டப் பிள்ளைகள் அங்கே தங்கிப் படித்தால் நாமக்கல் விகிதம் ஏறும், அவர்களுடைய சொந்த மாவட்டத்தில் இறங்கும். யாரும் படிப்பை விட்டிருக்க மாட்டார்கள்.

நீங்கள் பார்க்க வேண்டியது மாவட்டத்தை அல்ல, உங்கள் ஊராட்சி ஒன்றியத்தின் எண்களை. போன ஆண்டு 8ஆம் வகுப்பில் எத்தனை பேர், இந்த ஆண்டு 9இல் எத்தனை பேர்? 800 பேர் 690 ஆகியிருந்தால் அந்த 110 பேரைத் தேடலாம். ஆண், பெண் என்று பிரித்துப் பாருங்கள். பெண்கள் மட்டும் குறைந்திருந்தால், உயர்நிலைப் பள்ளி எவ்வளவு தூரம், பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரியுங்கள். 10இலிருந்து 11க்குப் போகும்போது விழும் எண்ணிக்கையில் மட்டும் நிதானம் வேண்டும். ஐ.டி.ஐ.யிலும் பாலிடெக்னிக்கிலும் சேர்ந்தவர்கள் இந்தப் பள்ளிக் கணக்கில் வர மாட்டார்கள். யார் எங்கே போனார்கள் என்பது தலைமையாசிரியரிடம் இருக்கும் டி.சி. பதிவேட்டிலிருந்து ஓரளவு தெரிந்துவிடும். டி.சி. வாங்காமலே நின்றுபோன பிள்ளைகளின் வீட்டுக்குத்தான் நீங்கள் முதலில் போக வேண்டும்.